துப்பு துலக்கச் சொல்லிக்கொடுத்த சார்

மாமா அவர்களுக்கு மருமகன் பணிவோடு எழுதுவது. உடம்புக்கு நான் நலம், மனதுக்குத்தான் சரியில்லை. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் இரும்புக் கடையில் எனக்கு ஒரு வேலை போட்டுக்கொடுங்கள். காரணம் சொல்கிறேன்.

எங்கள் பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் தண்ணீர் வராத தெரு, விளக்கு எரியாத தெரு, அவ்வளவுதான். போன வாரம் உள்ளூர் நிருபர்களுக்குப் புலனாய்வுப் பயிற்சி என்று நூலக மாடிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்தும் சார் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டால், "நான் எதுக்குங்க" என்று நழுவிவிடுவார். பெரிய மனிதரின் அடக்கம் என்று மெச்சிக்கொண்டோம். அவர் நாற்காலியடியில் மட்டும் தினமும் தண்ணீர் தேங்கும். துடைக்க வரும் அம்மா, தண்ணீர் பாட்டிலோடு திரியும் விளையாட்டு நிருபரைத்தான் திட்டினார். செய்முறைப் பாடமாக சார் ஒரு விஷயம் கொடுத்தார். பல வருடங்களுக்கு முன் கல்குவாரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நிருபர் ஒருவர் காணாமல் போனார். யாரோடோ ஓடிவிட்டார் என்று ஊரே பேசி முடித்துவிட்டது. "நிஜமாவே ஓடினாரா, கேட்டுப் பாருங்க. யார் பேச்சை மாத்துறாங்களோ, அவங்ககிட்ட திரும்பப் போங்க" என்றார். பேச்சை மாற்றியவர் குவாரியின் பழைய லாரி டிரைவர். திரும்பப் போனேன். மனிதர் அழுதுவிட்டார், மாமா. "ஸ்கூட்டரோட தள்ளிட்டாங்க. பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். போலீசிலும் அவரே வந்து சொன்னார். குவாரித் தண்ணீரிலிருந்து ஸ்கூட்டரும் எலும்பும் வந்தன. முதலாளி உள்ளே போனார்.

சாரிடம் சொல்ல மாடிக்கு ஓடினால், பெட்டியும் கையுமாக வேறொருவர் நிற்கிறார். "காய்ச்சல்னு தகவல் அனுப்பினேனே, இன்னைக்குத்தானே வகுப்பே ஆரம்பம்" என்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. செய்தி எழுதுவதற்காக, இறந்துபோன அந்த நிருபரின் மனைவியைப் பார்க்கப் போனேன். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்துக் காட்டினார். சார்தான். அதே சட்டை. எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். அந்த அம்மா மிரளவில்லை. "ஓடிட்டார்னு நானும் நம்பிட்டேன் தம்பி" என்றார். படத்தை அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, "இளைச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நல்லா இருந்தார்" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆகையால் மாமா, நான் ஆணி விற்கிறேன். ஆணி செத்த பிறகு வந்து பாடம் நடத்தாது. அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள்.

பி.கு.: இன்று காலை அலுவலகப் படியில் ஒரு பெண் நின்றாள். மேலெல்லாம் புகை வாசனை. "மில்லு தீப்பிடிச்சதைப் பத்தி யாருமே கேக்கல. நீங்க கேப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உட்காரச் சொல்லியிருக்கிறேன். கடை வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.