ஆறாவது கேள்வி

காலை ஆறு மணி பதினொரு நிமிடம், வியாழக்கிழமை. மெல்பர்னின் டார்னெய்ட் ரயில் நிலையத்து நடைமேடையில் நான் முதலில் பார்த்தது, தன் கைப்பேசியைப் பார்த்து "ஷேம்! ஷேம்!" என்று கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதரை. சாம்பல் நிறக் கோட், இறுக்கிக் கட்டிய டை, தோளில் சாப்பாட்டுப் பை. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். நான் போகவில்லை. பையிலிருந்து தேங்காய்ச் சம்பல் வாசனை வந்தது; தமிழராகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன ஆச்சு அங்கிள்?" என்றேன்.

"தமிழோ? நல்லதாப் போச்சு. இஞ்ச பாருங்கோ தம்பி. இந்தாள் ஒழுங்கான கேள்வி கேக்குது. பிரதமர் பதில் சொல்லாமல் இந்தாளின்ர டையைப் பற்றிப் பகிடி விடுறார். முழுச் சபையும் சிரிக்குது. ஷேம்!"

"இந்தாள்" என்று அவர் சொன்னது பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவரை. அங்கே புதன்கிழமைதோறும் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம் ஒன்று உண்டு. நமக்கு அது தூங்கும் நேரம் என்பதால் அவர் அதை மறுநாள் ரயிலில் பார்ப்பார், ஹெட்போன் இல்லாமல்.

மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் அரசியல் பேசாத தமிழர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் இன்னொரு கண்டத்தில் தோற்றுப்போன கட்சியின் தலைவருக்காக வாரம் தவறாமல் தொண்டை கிழியக் கத்தியவர், ஆஸ்திரேலியா முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான். நேரில் எல்லோரும் அங்கிள் என்பார்கள். முதுகு திரும்பினால் "எதிர்க்கட்சி". அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

எந்தக் கட்சியை ஆதரித்தார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஒருமுறை அங்கே தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. வருடக்கணக்காக யாருக்காகக் கத்தினாரோ அவர் பிரதமராகிவிட்டார். நான் கைகுலுக்கப் போனேன்.

"எதுக்குத் தம்பி?"

"உங்க ஆளு ஜெயிச்சுட்டாரே அங்கிள்!"

"அவர் இனி என்ர ஆள் இல்ல. அவருக்குக் கார் இருக்கு, பொலிஸ் இருக்கு. தோத்தவர் பாவம். இண்டைக்கே அவற்ற தலைமயிரைப் பற்றி எழுதத் தொடங்கிட்டாங்கள்."

மெல்பர்னுக்கு வருவதற்கு முன்னால் பதினான்கு வருடம் லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே விற்பதற்காகக் காலையில் வரும் பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்து அடுக்குவது அவர் பொறுப்பு. அடுக்கும்போதே எல்லாவற்றையும் படித்துவிடுவார். எதிர்க்கட்சித் தலைவர்களின் கோட், குரல், நடை, பல், சாப்பிடும் விதம் பற்றி எந்த ஏட்டில் என்ன எழுதினார்கள் என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. அதில் அவரை அதிகம் வருத்தியது ஒரு குடை.

"காத்தில குடை மடங்கிப் போச்சு தம்பி. லண்டன் காத்து, ஆருக்கும் மடங்கும். அண்டைக்கு அந்தாள் ஆஸ்பத்திரியளைப் பற்றிக் கேட்டவர். அருமையான கேள்வி. ஒரு பேப்பரில வரேல்ல. குடை வந்தது. முதல் பக்கத்தில குடை, நடுப்பக்கத்தில குடை."

"கார்ட்டூன்?"

"அதிலயும் குடைதான்."

நான் சென்னையில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் செய்தி மேசையில் இருந்தவன். படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுவதும் என் வேலை. நானாக இருந்தாலும் குடையைத்தான் போட்டிருப்பேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சபையில் எதிர்க்கட்சித் தலைவருக்கு வாரம் ஆறு கேள்விகள். அதனால் நம்முடைய எதிர்க்கட்சி அங்கிளும் எங்கே போனாலும் ஆறு கேள்விகள் கேட்பார். ஐந்தில் நிறுத்த மாட்டார், ஏழுக்குப் போக மாட்டார். முக்கியமான கேள்வி எப்போதும் ஆறாவது. முதல் ஐந்தும் எதிராளியைக் களைப்படைய வைப்பதற்கு என்பார். மின்சாரக் கம்பெனிக்காரன், கோயில் ஐயர், கவுன்சில் ஆள் யாரும் தப்பியதில்லை. குடும்ப டாக்டரிடமும் அப்படித்தான். முழங்கால் வலி ஆறாவது கேள்வி. ஐந்தாவதிலேயே டாக்டர் எழுந்து கதவைத் திறந்துவிடுவார். ஒன்றரை வருடம் அந்த முழங்கால் வைத்தியம் இல்லாமல் கிடந்தது.

"வீட்டுல எப்படி ஆன்ட்டி சமாளிக்கிறீங்க?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன். வட்டாரத்தில் அவருக்கு "ஆளுங்கட்சி" என்று பெயர்.

"அரிசி கழுவச் சொன்னால் அரிசியிட்டயும் கேள்வி கேப்பார். குசினிக்குள்ள வரக்கூடாதெண்டு சட்டம் போட்டிருக்கிறன்."

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் எந்த விழா என்றாலும் சமைப்பது சுதன். நாற்காலி அடுக்குவதும் சுதன், கடைசியில் கூட்டிப் பெருக்குவதும் சுதன். இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். பன்னிரண்டு வருடமாக பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கிறார், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருடைய மகள் யாழினிக்கு ஏழு வயது. சங்கம் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். குடியுரிமையோ, நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆரோ உள்ளவர்தான் உறுப்பினராகலாம் என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. சுதனிடம் இரண்டும் இல்லை.

"பிள்ளை ஊரில இருக்கிற மாமாவோட தமிழில கதைக்கேலாமல் முழிக்குது அங்கிள்" என்று சுதன் ஒருநாள் எதிர்க்கட்சியிடம் சொல்லியிருக்கிறார். "நான் சொல்லிக் குடுத்தால் ஓகே அப்பா எண்டு போட்டு ஓடிப்போகுது. பள்ளிக்கூடம் எண்டால் இருந்து படிக்கும்."

எதிர்க்கட்சிக்கு அது போதும். நவம்பரில் நடக்கும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப்போவதாக ரயிலில் என்னிடம் சொன்னார்.

"முதல் கேள்வியிலயே கேட்டுடுங்க அங்கிள்" என்றேன். "பேப்பர்ல முக்கியமானத முதல் வரியிலதான் போடுவோம். ஆளுங்க அதுக்கு மேல படிக்க மாட்டாங்க."

"அது பேப்பர், தம்பி. இது சபை. நல்ல கேள்வி ஆறாவதாத்தான் வரோணும்."

எங்கள் சங்கத்துப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் கூட்டம், பிறகு சாப்பாடு. சாப்பாட்டு ட்ரேக்களை மண்டபத்துச் சுவரோரமாக மூடி போட்டு வைத்திருப்பார்கள். யாராவது கேள்வி கேட்டு இழுத்தால் தலைவர் செயலாளரைப் பார்ப்பார். செயலாளர் மூடியைத் திறக்கச் சொல்வார். பிரியாணி வாசனை கிளம்பிய பிறகு ஜனநாயகம் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. நல்ல நல்ல தீர்மானங்களை எங்கள் சங்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு கொன்றிருக்கிறது.

நவம்பர் பொதுக்கூட்டத்தன்று வெரிபீ மண்டபத்தில் நல்ல கூட்டம். எதிர்க்கட்சி கோட்டும் டையுமாக மைக் முன்னால் வந்தார்.

முதல் கேள்வி: போன வருடக் கூட்டக் குறிப்பில் தன்னை "வரவில்லை" என்று எழுதியது ஏன்? இரண்டாவது, மின்விசிறி ஏன் மேடைப் பக்கம் மட்டும் சுற்றுகிறது? மூன்றாவது, தலைவரின் நாற்காலிக்கு மட்டும் குஷன் ஏன்?

"குஷன் வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க அங்கிள்" என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது.

நான்காவது, பொங்கல் விழா ஏன் பொங்கல் முடிந்து மூன்று வாரம் கழித்து? "அப்பத்தான் ஹால் கிடைக்குது அங்கிள். சூரியன் எப்பவும் ஃப்ரீதான்." மறுபடியும் சிரிப்பு. ஐந்தாவது கேள்வி நாடகத்துக்கு வாடகைக்கு எடுத்த கிரீடத்தைப் பற்றியது. அதற்குள் தலைவர் செயலாளரைப் பார்த்துவிட்டார்.

செயலாளர் சமையலறை வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினார். சுதன் வந்தார். விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்றவர், மண்டபத்தில் எத்தனையாவது கேள்வி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. வரிசையாக ஒவ்வொரு மூடியாகத் திறந்தார்.

எதிர்க்கட்சி "என்ர ஆறாவது கேள்வி" என்று தொடங்கியபோது முன்வரிசை நாற்காலிகள் காலி. அவர் விடவில்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு, ஒயர் நீண்ட வரைக்கும் கூட்டத்தின் பின்னால் போனார். ஒயர் ட்ரேக்களுக்கு முன்னால் முடிந்தது. அங்கேயே நின்று கேட்டார். நமக்குச் சோறு போடுகிறவனின் பிள்ளைக்கு நம்முடைய பள்ளிக்கூடத்தில் ஏன் இடம் இல்லை? அந்த ஒரு வரியை இன்றைக்கே நீக்கினால் என்ன?

அது என் காதில் விழுந்தது. தெளிவாகவே கேட்டது.

"சரி, வோட்டுக்கு விட்டுடலாம்" என்றார் தலைவர். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லோருக்கும் ஒரு கையில் தட்டு, மறுகையில் கரண்டியோ வடையோ. எதிர்க்கட்சி தூக்கினார். ஆளுங்கட்சி ஆன்ட்டி தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். செயலாளர் ஒன்றாகத்தான் எண்ணினார். மலேசியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தூக்கினார். மொத்தம் மூன்று. என் ஒரு கையில் தட்டு இருந்தது, மறுகையில் கைப்பேசி.

தீர்மானம் தோற்றது. சுதன் எதிர்க்கட்சியின் தட்டில் கறி போட்டார். "இன்னும் போடவோ அங்கிள்?"

"காணும் ராசா, போதும்."

கைப்பேசியில் நான் ஒரு படம் எடுத்திருந்தேன். எதிர்க்கட்சி வாயை அகலத் திறந்திருக்கிறார், ஒரு விரல் பிரியாணி ட்ரேயை நேராகச் சுட்டுகிறது, டை குழம்பைத் தொட இரண்டு அங்குலம் இருக்கிறது. நல்ல படம். பழைய தொழில் கை சும்மா இருக்கவில்லை. கீழே ஒரு வரி எழுதிச் சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்: "ஆறாவது கேள்வி: லெக் பீஸ் எங்கே?"

கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் அறுபது பேர் சிரித்திருந்தார்கள். மாலைக்குள் யாரோ அதை ஸ்டிக்கராக்கினார்கள். திங்கட்கிழமை சிட்னிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து அவருடைய பழைய பெட்ரோல் நிலைய நண்பர் அதை அவருக்கே அனுப்பி, "இது நீ தானே?" என்று கேட்டிருக்கிறார். எதைப் பற்றிய கேள்வி அது என்று இத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நடைமேடையில் அவர் கைப்பேசியில் பிரிட்டன் சபை ஓடவில்லை, அந்தப் படம்தான் இருந்தது. கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"படம் நீங்களோ எடுத்தது?"

"ஆமா அங்கிள்."

"எழுதினதும்?"

"நான்தான்."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்ல பகிடி. நானும் சிரிச்சனான்." ரயில் வந்து நின்று கதவு திறந்தது. ஏறும்போது சொன்னார்: "கீழ ஒரு வரியில கேள்வியையும் போட்டிருக்கலாம் தம்பி. இடம் இருந்தது."

எட்டு வருடச் செய்தி மேசையில் இதைவிடச் சரியான திருத்தம் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் சங்கத்தில் எதையும் கேட்கவில்லை. உறுப்பினர் படிவம் வந்தபோது நிரப்பவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவரும் மனைவியும் சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகளின் பக்கம் போய்விட்டார்கள். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம். முழங்காலுக்கு இப்போது வைத்தியம் நடக்கிறது. டாக்டரிடம் நேராக முழங்காலைப் பற்றித்தான் கேட்கிறாராம். அவர் ஒருமுறை கத்த வேண்டும் என்பதற்காகவே நான் பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவரை வாய்க்கு வந்தபடி கேலி செய்து பார்க்கிறேன். குரலை, நடையை, உடுப்பை, ஒன்றையும் விடுவதில்லை.

"ஓம் தம்பி" என்கிறார். "அப்பிடித்தான்."

இந்த வருடப் பொதுக்கூட்டம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. சமைத்தது சுதன். தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமை காலைகளில் யாழினி நீச்சல் வகுப்புக்குப் போகிறாள்.