மாட்டிக்கொண்ட இரண்டு டம்ளர்

என் மனைவியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை. "வா" என்ற சொல் மட்டும் என் வாயிலிருந்து வரக்கூடாது.

ஏன் வரக்கூடாது என்று கேட்பீர்கள். வாய்க்கொழுப்புதான். மகளுக்குப் பிரசவம் ஆனதும், இவளை உதவிக்கு அழைத்துப் போகச் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ரயில் ஏறும் நேரத்தில் அவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "எத்தனை மாசம் வேணும்னாலும் இருந்துட்டு வா. நீ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் ஓடாதுன்னு நெனச்சியா?"

சம்பந்தியம்மா என்னை ஒரு வீரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவள், குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள். நின்றது. குப்புற விழட்டும் என்றாள். விழுந்தான். இப்போது தவழட்டும் என்கிறாள். இப்படியே போனால் பேரனுக்கு மீசை முளைத்து, அவனே பாட்டியைக் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பவனுக்கு, சொந்த வீட்டு ஓட்டை உடைசல் ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. அவளே சுட்டிக்காட்டினாலும் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். பார்ப்பதுதான் என் தொழில், அதை வீட்டிலும் செய்ய வேண்டுமா?

அவள் அப்படியில்லை. தெருவில் அவளுக்குக் 'குறிப்பம்மா' என்று பெயர். கறை போக வேண்டுமா, எறும்பு ஓட வேண்டுமா, அவளிடம் ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. பல் தேய்த்த பிரஷ் ஓய்வு பெற்றபின் குழாய் தேய்க்கும். தண்ணீர் பாட்டில் கழுத்து வெட்டுப்பட்டு, வண்ணம் பூசிக்கொண்டு, கரண்டிகளைத் தாங்கி நிற்கும். என்னுடைய நீலக்கோடு போட்ட சட்டை கிழிவதற்கு முன்பே தலையணை உறையாகிவிட்டது. "நல்ல சட்டைடி அது!" என்று கத்தினேன். "அதனாலதான் தலைக்கு வெச்சிருக்கேன். இல்லாட்டி மிதியடியாத்தான் ஆகியிருக்கும்" என்றாள். தினமும் அதன்மேல் தலை வைத்துத்தான் தூங்குவாள். எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், சட்டைக்கு வந்த வாழ்வு.

இப்போது அந்த உறையின்மேல் தலை வைக்க ஆளில்லை. அவள் போன புதிதில், கட்டில் முழுவதும் எனக்கே என்று நட்டநடுவில் கையைக் காலை விரித்துப் படுத்தேன். காலையில் பார்த்தால் சுவரோரம் என் பழைய பங்கிலேயே ஒடுங்கிக் கிடக்கிறேன். "கொஞ்சம் நிம்மதியா இருக்க விடேன்" என்று அவளிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பிதான் வழி சொன்னான்.

"அண்ணே, வான்னு சொல்ல வேணாம். வீடு பாழாப் போகுதுன்னு சொல்லுங்க. எந்தப் பொம்பளையும் அத மட்டும் தாங்க மாட்டா."

"ஆனா வீடு பாழாப் போகலையேப்பா."

"நீங்க இருக்கீங்களே, அப்புறம் என்ன கவலை?"

அன்றே ஆரம்பித்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது பொங்கி, வற்றி, கருகும்வரை காவல் காத்தேன். படம் பிடித்து அனுப்பிவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் போன் செய்தேன்.

"பால் கருகிடுச்சு. வீடெல்லாம் பொகை. பாத்திரம் போயே போச்சு."

"அய்யோ! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்ன ஆனா என்ன" என்று குரலைத் தழைத்தேன்.

"அப்ப சரி. பாத்திரத்துல தண்ணி ஊத்தி, ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்க விடுங்க. ஆறினதும் மரக்கரண்டியால சுரண்டினா உரிஞ்சு வந்துடும். மிச்ச சோடாவ சிங்க் குழியில கொட்டி, மேல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க. அது அடைச்சுக் கெடக்கறது இன்னிக்கு நேத்தா?"

"நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"அது சரி, படத்துல பாத்தேன். கருகினது ஒரு ஓரம்கூட விடாம ஒரே சீரா இருக்கே. பக்கத்துலயே நின்னு கருக்கின மாதிரி."

எனக்கு இருமல் வந்துவிட்டது. புகைக்கு என்றேன்.

அவள் சொன்னபடி செய்தேன். வேறு என்ன செய்வது? பாத்திரம் பளபளத்தது. சிங்க்கில் தண்ணீர் சுழன்று இறங்கியது. தோல்வியை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததேயில்லை.

மறுநாள் சட்டைப் பித்தான்களைப் பிய்த்தேன். எல்லாவற்றையும்.

"நெஞ்சைத் திறந்துகிட்டுத்தான் கடைக்குப் போகணும்போல இருக்கு" என்றேன் பரிதாபமாக.

"திறந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது? ஊசி நூல் பிஸ்கட் டப்பாவுல இருக்கு. தெச்சு முடிச்சதும் நூல் முடிச்சுமேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைங்க. அவ்வளவு சீக்கிரம் பிரியாது. அது என் மேஜை இழுப்பறைல இருக்கு."

"இழுப்பறை இழுக்கவே வராதே."

"எத்தனை வாட்டி உங்ககிட்ட சொன்னேன்! பலம் எல்லாத்தையும் போட்டு ஒருதரம் இழுங்க. வெளிய வந்ததும் ரெண்டு பக்கமும் மெழுகுவத்தியத் தேயுங்க. வழுக்கிட்டுப் போகும். மெழுகுவத்தி கையில இருக்கும்போதே சமையலறை இழுப்பறைக்கும் தேய்ச்சிடுங்க."

இழுத்தேன். வந்தது. உள்ளே ரப்பர் பேண்டுகள், பழைய பித்தான்கள், கத்தரித்த பாதி ரிப்பன், அவளுடைய ஹேர்பின்கள். ஒரு ஹேர்பின்னில் ஒரு முடி சுற்றியிருந்தது. பாதி கருப்பு, பாதி வெள்ளை. நெயில் பாலிஷை எடுக்க வந்தவன், அந்த ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டைக்குப் பித்தான்கூட இல்லை.

இப்படிக் கெடுப்பதற்குப் பொருள் தேடித் தேடி, ஒரு கட்டத்தில் சரக்குத் தீர்ந்துவிட்டது. பிறகுதான், ஏற்கெனவே கெட்டுக் கிடப்பவையே வீட்டில் ஏராளம் என்று கண்டுபிடித்தேன்.

"படுக்கையறைக் கதவு பயங்கரமாக் கத்துது."

"நாம குடிவந்த நாள்லேருந்து கத்துது. இன்னிக்குத்தான் காது கேட்டுச்சா?"

"நீ இருந்தப்ப உன் சத்தத்துல கேக்கலை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வரவழைக்கப் பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது?

அவள் கோபப்படவே இல்லை. "கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கதவை நாலு தரம் ஆட்டுங்க. எண்ணெய் வழிஞ்சா பழைய துணியால தொடைங்க. தொடைச்ச கையோட மத்த கதவுகளையும் பாத்துடுங்க" என்றாள்.

பிரிட்ஜில் நாற்றம் என்றேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, ஒரு கிண்ணத்தில் காப்பித்தூள் வைக்கச் சொன்னாள். குளியலறைக் கண்ணாடி மங்கல் என்றேன். வினிகரும் பழைய செய்தித்தாளும் என்றாள். ஒவ்வொரு குறிப்பும் "அப்படியே" என்று ஒரு வாலோடு வந்தது. அப்படியே ஜன்னல் கண்ணாடிகளையும். அப்படியே அலமாரிக்குப் பின்னாலும்.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? எம் பொண்டாட்டி நேத்து உங்க வீட்ட எட்டிப் பாத்துட்டா. 'தனியா இருக்கற மனுஷன் வீட்ட எப்படி வெச்சிருக்கார் பாரு'ன்னு ஆரம்பிச்சவதான். நேத்து பூரா நான் மின்விசிறி தொடைச்சேன். தொழிலுக்குக்கூட நான் மின்விசிறி தொடைச்சதில்ல."

"நீ சொன்ன யோசனைதானேப்பா?"

"பாழாக்கச் சொன்னேண்ணே. பளபளன்னு ஆக்கச் சொல்லலை."

அவன் சொன்னது சரிதான். கதவு வாயைத் திறக்கவில்லை. இழுப்பறை தொட்டால் ஓடி வந்தது. வீடு முழுவதும் அவள் கை பட்டது போலவே இருந்தது, அவள் மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் போனில் அவள் சொன்னதுதான் என்னை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது.

"பரவாயில்லையே, எல்லாம் கத்துக்கிட்டீங்க! இனிமே நான் இன்னும் ஆறு மாசம் இங்க இருந்தாலும் கவலையே இல்ல."

"இல்ல... அது வந்து..."

"குழந்தை அழறான், வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். சுத்தமான ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காய்கறிப் பையோடு வரும் திருப்பம் வெகு தெளிவாகத் தெரிந்தது. மங்கலாகவே விட்டிருக்கலாம் என்று தோன்றியது. இனிமேல் எதையும் கெடுப்பதில்லை, எந்தக் குறிப்பும் கேட்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆனால் சில நாளில் உண்மையாகவே ஒன்று ஆகிவிட்டது.

இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன. கழுவி அடுக்கும்போது ஏதோ ஞாபகத்தில் அழுத்தியிருக்கிறேன். இழுத்தேன். முறுக்கினேன். தரையில் தட்டினேன். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றேன். வரவில்லை. உள்ளே மாட்டியிருந்தது அவள் டம்ளர், விளிம்பில் சின்னதாக ஒடுக்கு விழுந்தது. அது நசுங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. இந்த முறை எந்தத் திட்டமும் இல்லாமல் போனை எடுத்தேன். குழந்தை அழுகை கேட்கவில்லை. பின்னால் யாரோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். டிவியாக இருக்கும்.

"ரெண்டு டம்ளர் மாட்டிக்கிச்சு. நெஜமாவே."

"இவ்வளவுதானா? உள் டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துங்க. வெளி டம்ளரை வெந்நீர்ல நிக்க வைங்க. உள்ளது சுருங்கும், வெளியது விரியும். தானா கழண்டுக்கும்."

"சரி" என்று வைக்கப் போனேன்.

"இருங்க. நீங்க ஒரு ஆளு. ரெண்டு டம்ளர் எதுக்கு?"

அவசரமாக ஒரு பொய்யைத் தேடினேன்.

"எதிர்வீட்டுத் தம்பி வந்திருந்தான். டீ குடுத்தேன்."

"அவன் டீயே குடிக்க மாட்டானே? வயித்தெரிச்சல்னு விட்டு எத்தனை வருஷமாச்சு."

"அப்படின்னா... வேற யாரோ."

"யாரோன்னா யாரு?"

"உன் டம்ளர்தான்!" என்று கத்தினேன். "தெனமும் ரெண்டு டம்ளர்லதான் டீ போடறேன். மொத நாள் மறதியாப் போட்டேன். மறுநாள் தெரிஞ்சேதான் போட்டேன். உன் எடத்துல வெப்பேன். ஆறிடும். அப்புறம் அதையும் நானே குடிப்பேன். போதுமா?"

 மைக் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு ரெண்டு டீயா? அதனாலதான் தூக்கம் வரலைன்னு சொன்னீங்களா?" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"தூக்கம் வராததுக்கு டீ காரணமில்ல."

"பின்ன?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? மானம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "நீ இல்லாம முடியல. பால் தானாக் கருகல. பித்தான் தானாப் பிய்யல. எல்லாம் நான்தான். அவன் தவழ்ந்தா என்ன, ஓடினா என்ன. நீ வந்துடு. வா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. அன்று ரயில் ஏறும்போது சிரித்தாளே, அதே சிரிப்பு.

"ஸ்டேஷன்லதான் நிக்கறேன். வண்டி இப்ப வந்துடும். டிக்கெட் எடுத்துப் பல நாளாச்சு. அந்தக் கருகின பால் படத்தைப் பாத்த அன்னிக்கே எடுத்தாச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. "அடிப்பாவி, அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லலை? இத்தனை நாள் நான் பட்ட பாடு!"

"சொல்லியிருந்தா வீட்டுல ஒரு வேலையாவது நடந்திருக்குமா? சரி சரி, வண்டி அங்க காலையிலதான் வந்து சேரும், இன்னும் பரண் ஒண்ணு பாக்கி இருக்கு."