ப்ராக் ஊரு போட்டுல துப்பட்டா போட்டு இடம் பிடிச்சேன்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் ப்ராக் ஊர்ல ஆத்துல போற போட்டுல ஏறணும், புருஷனும் பொண்டாட்டியுமா உக்காந்து ஊரைச் சுத்திப் பாக்கணும்.

எனக்கு மேலகரம், அவுகளுக்கு குத்துக்கல்வலசை. நடுவுல தென்காசி மட்டுந்தான். ஹனிமூனுக்கு மட்டும் இம்புட்டு தூரம். அவுக அக்கா கல்யாணப் பரிசா போட்டு டிக்கெட்டு முதற்கொண்டு எல்லாத்தையும் புக் பண்ணிக் குடுத்துட்டாவ, வேண்டாம்னு சொல்ல முடியுமா?

என் வீட்டுக்காரர் பேரு குற்றாலிங்கம். தங்கமான மனுஷன். ஆனா பேச்சு கிடையாது. தாலி கட்டுன நாள்ல இருந்து "ம்", "சரி", "சாப்டியா" இந்த மூணுதான் சுத்தி சுத்தி வரும். மிச்சம் எல்லாத்தையும் நானே பேசிக்கிடுவேன்.

என்னைப் பிடிச்சுத்தான் கட்டுனாவளா, வீட்ல சொன்னாவன்னு கட்டுனாவளான்னு கூடத் தெரியாது. அதை எப்படி நானாப் போயி கேக்க?

காலையில பழைய கடிகாரக் கோபுரம் பாத்துட்டு நிக்கோம். மணி அடிச்சா பொம்மையெல்லாம் வரிசையா வருது, கூட்டமே அண்ணாந்து பாக்குது. அப்பம் பாத்து அவுக வாயத் தொறந்தாவ.

"கோமு, சாயங்காலம் போட்டுல போறதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் சட்டுன்னு அவுக பக்கம் திரும்பிட்டேன். பொம்மையாவது ஒண்ணாவது!

"இங்கன கூட்டமா இருக்கு. போட்டுல வச்சு சொல்லுங்க."

"இல்ல, அதுக்கு முன்னாலயே..."

"போட்டுல சொல்லுங்க."

"ம்."

மத்தியானம் பாலத்து மேல நடக்கும்போது மறுபடியும், "கோமு, அந்த விஷயம்..." "அவசரப்படாதீங்க"ன்னுட்டேன். காபிக் கடையிலயும் ஆரம்பிச்சாவ, அங்கயும் அடக்கிட்டேன். மனுஷனுக்குப் பாசம் தொண்டை வரைக்கும் வந்து நிக்குதுன்னு எனக்கு ஒரே பெருமை. சொல்லதை மேல்தட்டுல முன் வரிசையில உக்காந்து ஆத்தைப் பாத்துக்கிட்டே கேக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

படகுத்துறைக்குப் போனா சரியான கூட்டம். எனக்குக் கூட்டம் புதுசா? சீசன் நேரத்துல தென்காசி பஸ் ஸ்டாண்டுல குத்தாலம் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியா துண்டு போட்டு மொத்தக் குடும்பத்துக்கும் இடம் பிடிச்சவ நான்.

"ஒரு நிமிசம் கோமு, பாத்ரூம் போயிட்டு வந்துருதேன்"னாவ.

"மெதுவா வாங்க, நான் இடம் போட்டு வைக்கேன்."

டிக்கெட் ரெண்டும் என் போன்ல. ரெண்டையும் காட்டுனேன். வாசல்ல நின்னவனும் ரெண்டு பேரும் ஏறியாச்சுன்னு எடுத்துக்கிட்டான். நான் ஒரே ஓட்டமா மேல போயி முன் வரிசையில உக்காந்து, பக்கத்து சீட்டுல துப்பட்டாவை விரிச்சுட்டேன்.

ஒரு வெள்ளைக்காரம்மா வந்து சீட்டைக் காட்டி என்னமோ கேட்டா.

"ஆளு வருது"ன்னேன், தமிழ்லயே. அவளும் பேசாம பின்னால போயிட்டா.

ஹாரன் அடிச்சான். நான் அசையலையே. நம்ம ஊர்ல சீட்டுல துண்டு கெடந்தா கண்டக்டர் அண்ணாச்சி ஆளு வராம விசில் குடுக்க மாட்டாருல்லா?

கயித்தை அவுத்தான். அதுக்கும் பயப்படலை. ஸ்டாண்டுல இருந்து வண்டியை வெளிய எடுத்து ரோட்டுல நிப்பாட்டி ஆள் ஏத்துவாவல்லா, அந்த மாதிரின்னு நெனச்சேன்.

கரைக்கும் போட்டுக்கும் நடுவுல தண்ணி அகலமாகிட்டே போவுது. அப்பந்தான் உறைச்சுது. எந்திரிச்சு ஓடிப்போயி பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுனேன். பதட்டத்துல ரெண்டு தட்டு தட்டிட்டேன். நம்ம ஊரு பஸ்ஸுல ரெண்டு தட்டு தட்டுனா போலாம்னு அர்த்தம். போட்டும் போச்சு.

கரையில அவுக நிக்காவ. கையில ஒரு பாலிதீன் கவரு. போன் அடிச்சுது.

"கோமு, போட்டு போவுது."

"எனக்குத் தெரியாதா? வாங்க!"

"எப்படி வர?" அப்புறம், "நல்லதாப் போச்சு"ன்னாவ.

"என்னது?"

"எனக்கு போட்டு ஒத்துக்காது. ஐந்தருவி போற வழியில குளத்துல பெடல் போட்டு ஓடும்லா, அதுல ஏறி எங்க அத்தான் வேட்டியிலயே வாந்தி எடுத்தவன் நான். காலையில இருந்து அதைத்தான் சொல்ல வாரேன். இப்பம் கூட மாத்திரை போட்டுட்டு கவரு வாங்கத்தான் போனேன்."

வாந்தி மேட்டரைத்தான் நான் நாள் பூரா பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்கேன். கோவமும் ஏமாத்தமுமா எனக்கு அழுகையே வந்துட்டு.

"அப்பம் வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லையா?"

கரையைப் பாத்தேன். அவுக நடக்க ஆரம்பிச்சிருந்தாவ, போட்டு போற பக்கமா, போனைக் காதுல வச்சுக்கிட்டு.

"இருக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்கம்மா கேசரி பிரமாதம்னு சொன்னாவல்லா? நீ மட்டும் 'நான் செய்யலை, கடையில வாங்குனது'ன்னு போட்டுக் குடுத்துட்டே. உங்கம்மா மூஞ்சி போன போக்கு! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவதான்னு. வீட்ல ஜாதகத்தை இன்னொரு தடவை பாக்கணும்னாவ. நாந்தான் வேண்டாம்னேன்."

அம்புட்டுதான், மடை தொறந்த மாதிரி பேசுதாவ. ரோட்டுல எதுக்க வாரவுக மேலயெல்லாம் முட்டுதாவ, "சாரி சாரி"ங்காவ, மறுபடி பேசுதாவ. எனக்குக் கண்ணீர் நிக்கவே இல்ல, சிரிப்பும் வருது. வலது பக்கம் கோட்டை வந்துச்சாம், எந்தப் பக்கம்னு கூட நான் பாக்கலை.

"இதையெல்லாம் இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"பக்கத்துல இருந்தா நீ எங்க பேச விடுத?"

போட்டு திரும்பி வந்ததும் கரையேறினேன். சட்டையெல்லாம் வேர்வையா நிக்காவ. ஆசையாக் கிட்டப் போயி, "இன்னும் சொல்லுங்க"ன்னேன்.

"ம்"ன்னாவ.

இப்பல்லாம் மனசு விட்டுப் பேசணும்னு தோணுச்சுன்னா, நான் மொட்டைமாடிக்குப் போயி ஹால்ல இருக்க அவுகளுக்குப் போன் போட்டுருதேன்.