மச்சான் என்னும் மூன்றாம் படி

பலெர்மோ நகரில் ஒரு மனிதனுக்கு மண்டபம் வேண்டுமென்றால் முதலில் அவன் ஒரு சங்கமாக வேண்டும். தனி மனிதனுக்குக் கொடுத்தால் அவன் அதற்குள் என்ன செய்வான் என்று நகருக்குத் தெரியாது. சங்கத்துக்குக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது என்று தெரியும்.

இந்த ஏற்பாட்டில் அகஸ்ரினுக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை, தங்கை யோசப்பினுக்குக் கலியாணம் சரிவரும்வரை. மாப்பிள்ளை பீலிக்ஸ், மன்னார்ப் பொடியன், சுவிஸில் இருந்தான். அவனுடைய தகப்பன் தொலைபேசியில் வந்து, ஒரு பஸ் நிறையச் சனம் வருகிறது, பூசை முடிய வரவேற்பு எங்கே என்று கேட்டார். பங்குக் கோவில் மண்டபத்தின் கூரையைத் திருத்தவென்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அகஸ்ரின் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுவிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் இத்தாலித் தமிழன் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வது வழக்கம்.

"எங்கடை சங்கத்துக்கு மண்டபம் இருக்குத்தானே, கால்சாவிலை, கடற்கரைப் பக்கமா" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன நேரத்தில் சங்கமும் இல்லை, மண்டபமும் இல்லை. கடற்கரை மட்டும் இருந்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி சறோஜா சத்தம் போடவில்லை. சுவிஸ் சனம் றோட்டோரத்தில் கோப்பையோடு நிற்க வேண்டி வந்தால், அவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸில் தானும் ஏறிவிடுவதாக மட்டும் சொன்னாள்.

மறுநாளே அகஸ்ரின் பல்லரோ சந்தைக்குப் பின்னால் குடியிருந்த விக்னராஜாவிடம் போனார். விக்னராஜா யாழ்ப்பாணத்தில் எதற்கெல்லாமோ தலைவராக இருந்தவர். பலெர்மோவில் தலைமை தாங்க ஒன்றும் இல்லாமல் மெலிந்துபோயிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சங்கம் ஒன்று இருப்பதாக ஏற்றுக்கொண்டார். அதற்குத் தலைவராக இருக்கவும், பலருடைய வற்புறுத்தலுக்கு இணங்கி, சம்மதித்தார். பலர் என்றது அகஸ்ரினை. பின்னேரத்துக்குள் ஏர்னஸ்ற், கிறிகோரி என்று இன்னும் சில ஆண்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரு பதவி கிடைத்தது. சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நகரத்து அலுவலகம் ஒன்றில் சங்கங்களுக்கும் மண்டபங்களுக்கும் பொறுப்பாக தொத்தோர் லோ வேர்சோ இருந்தார். தொத்தோர் என்றால் வைத்தியர் அல்ல. அந்த ஊரில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் எல்லோரும் தொத்தோர். அகஸ்ரினுக்கு இத்தாலியன் நன்றாக வரும். விக்னராஜாவுக்கு வராது. ஆகவே தலைவர் பேச, அகஸ்ரின் மொழிபெயர்த்தார்.

தொத்தோர் சங்கத்தின் சின்னத்தைக் கேட்டார். சின்னம் ஒன்றும் இல்லை என்று அகஸ்ரின் சொன்னார்.

"சின்னம் இல்லாத சங்கம் உலகத்தில் கிடையாது," என்றார் தொத்தோர். "இருக்கிற சின்னத்தை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மறைக்கிறீர்கள். மறைக்கிற சங்கம் இரகசியச் சங்கம். இரகசியச் சங்கத்தை அரசியலமைப்பு தடைசெய்திருக்கிறது. அதற்கு எப்படி ஐயா நான் மண்டபம் கொடுப்பேன்?"

"உண்மையிலேயே இல்லை, தொத்தோர்."

"இரகசியச் சங்கங்கள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன."

வெளியே வந்ததும் தலைவர் படியில் நின்று யோசித்துவிட்டு, சின்னம் கீறுகிற வேலையை அகஸ்ரினிடமே ஒப்படைத்தார். அதற்கு நியாயம் இருந்தது. அகஸ்ரின் மன்னாரில் வள்ளங்களின் முன்பக்க அணியத்தில் பெயரும் பூவும் கண்ணும் எழுதியவர். அதைவிட, சின்னங்களோடு அவருக்குத் தொழில் முறையிலும் பழக்கம் இருந்தது. கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் சில கனவான்கள் வெகுகாலமாக ஒரு சகோதரர் சபை நடத்திவந்தார்கள். அதைக் கூட்டித் துடைப்பது அகஸ்ரின்தான். முகட்டில் நீலமும் பொன் நட்சத்திரமும். சுவரில் முக்கோணத்துக்குள் ஒரு கண். தேன்கூடு, ஏணி, கோணல் சூரியன், சிரிக்கிற சந்திரன், எல்லாம் யாரோ உள்ளூர்ச் சாயக்காரன் அன்போடு தீட்டியவை. சிங்கத்தைக் கண்டிராத கையால் கீறிய சிங்கம் ஒன்று பூனை முகத்தோடு தூணைக் காவல் காத்தது. மேசையில் ஒரு மண்டையோடு. அதன் பல் இடுக்கில் தூசி பிடிக்கும் என்பதால் அகஸ்ரின் பழைய பல் தூரிகை ஒன்று வைத்திருந்தார். கனவான்கள் இடுப்பில் கட்டுகிற, பட்டு நூல் வேலை செய்த ஏப்ரன்கள் சறோஜாவிடம் தோய்க்க வரும்.

"சமைக்காத ஆம்பிளையளுக்கு ஏன் ஏப்ரன்?" என்று சறோஜா ஒவ்வொரு முறையும் கேட்பாள். அகஸ்ரினும் ஒருநாள் ஒரு கனவானிடம் அதை மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார். அது பரம ரகசியம் என்று பதில் வந்தது. கனவானின் முகத்தைப் பார்த்தால், அவருக்கும் சொல்லப்படாத ரகசியம் போலத் தெரிந்தது.

சின்னத்தைப் பற்றி சங்கத்துக்குள் கதை நீண்டது. விக்னராஜா குத்துவிளக்கு வேண்டும் என்றார். ஏர்னஸ்ற் சிலுவை வேண்டும் என்றார். கிறிகோரி பனைமரம் என்றார். மன்னாரிலா யாழ்ப்பாணத்திலா நல்ல பனை என்று அதிலும் பிரச்சினை வந்தது. கடைசியில் இரு சமயத்தாரும் தினமும் ஒரே பக்தியோடு கையில் எடுக்கிற பொருள் எது என்று அகஸ்ரின் யோசித்தார். சிவப்புத் துணியில் கூட்டுகிற தும்புத்தடியும் நிலம் துடைக்கிற தடியும் குறுக்காக, அவற்றின் கீழே ஒரு வாளி, மேலே, வெறுமையாகக் கிடக்கிறதே என்று, சபைச் சுவரில் பார்த்த கண். கண்ணை மட்டும் வள்ளத்துக் கண் மாதிரி, இமை நீட்டி, கொஞ்சம் பயந்த பார்வையோடு கீறினார்.

தொத்தோர் அந்தக் கொடியை மேசையில் விரித்ததும் எழுந்து நின்றுவிட்டார். வாளியைத் தொட்டு, "ஆதி நீர்," என்றார். தடிகளைத் தொட்டு, "இரு தூண்கள்," என்றார். கண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு ஆழமான சங்கத்தைத் தான் கண்டதில்லை என்றார். விக்னராஜா அதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்போலத் தலையை அசைத்துவிட்டு, "இவர் என்ன சொல்லுறார்?" என்று அகஸ்ரினைக் கேட்டார்.

"சரி எண்டுறார், அண்ணை."

"அப்ப மண்டபத்தைக் கேளும், தம்பி."

அகஸ்ரின் தொத்தோரிடம் திரும்பி, அண்ணை மண்டபத்தைக் கேட்கிறார் என்று இத்தாலியனில் சொன்னார். சொல்லுக்குச் சொல் நேர்மையாக மொழிபெயர்க்கிறவர் ஆதலால், மூத்த சகோதரர் கேட்கிறார் என்று சொன்னார்.

தொத்தோரின் பேனை நின்றது. "மூத்த சகோதரர். அவர் உங்களை எப்படி அழைத்தார்?"

"இளைய சகோதரர் என்று."

"ஒரே தாய் பிள்ளைகளா?"

"இல்லை. அவர் சைவம், நான் கத்தோலிக்கன்."

"பெயரைச் சொல்லி அழைப்பதில்லையா?"

"மூத்தவரைப் பெயர் சொன்னால் மரியாதை இல்லை."

தொத்தோர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்கள் சங்கத்தில் எத்தனை படிகள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அகஸ்ரின் தமிழில் விளக்க, விக்னராஜா சும்மா வாயில் வந்ததைச் சொன்னார்: தம்பி, அண்ணை, மச்சான், வேறென்ன. தம்பி எப்படி அண்ணை ஆவது என்று தொத்தோர் கேட்டார். வயது போகப் போக ஆகிவிடலாம் என்று பதில் போனது. எங்கள் உத்தியோகத்திலும் அப்படித்தான் என்று அவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். மச்சான் ஆவதற்கு?

"அதுக்குக் கலியாணம் கட்ட வேணும்," என்றார் விக்னராஜா.

"உருவகமாகவா?"

அகஸ்ரினுக்குத் தங்கையின் முகமும் சுவிஸ் பஸ்ஸும் ஒன்றாக மனதில் வந்தன. "இல்லை, தொத்தோர். உண்மையாகவே. சாப்பாட்டோடு."

மண்டபம் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: பதிவான சடங்குக்கு மட்டும் பாவிக்க வேண்டும். கலியாண வரவேற்புக்கு இடமில்லை. மூன்றாம் படி ஏற்றத்துக்கு ஒருமுறை இடம் உண்டு. அகஸ்ரின் அதற்கு ஒத்துக்கொண்டார். பீலிக்ஸ் தனக்கு மச்சான் ஆகப்போகிறான் என்பதில் பொய் இல்லையே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். புறப்படும்போது தொத்தோர் அவரை ஓரமாக அழைத்து, தம்பியாகச் சேர ஒரு வெளியாளுக்கு இடம் உண்டா என்று கேட்டார்.

அந்த மாதம் கால்சாவில் தம்பி ஆவது ஒரு மோஸ்தராயிற்று. தொத்தோர் சேர்ந்ததைப் பார்த்து மாளிகைக் கனவான்கள் வந்தார்கள். ஒரு வழக்கறிஞரும் இரண்டு பல் வைத்தியர்களும் வந்தார்கள். தங்கள் சபையில் மண்டையோடு வைத்திருந்தவர்கள், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்றதும் மெய்சிலிர்த்தார்கள். கையால் சாப்பிடுவது உயர்ந்த குறியீடு என்று பேசிக்கொண்டார்கள். தினமும் தங்கள் வீட்டு நிலத்தைத் துடைக்கிற ஏர்னஸ்றை, மண்டபத்துக்குள் அண்ணை என்று நாக்கை மடித்து அழைத்தார்கள். ஏர்னஸ்றும், பொல்லாத மனிதரல்ல, அந்த மரியாதை தனக்கு வெகுகாலமாக வரவேண்டியது என்று நம்பத் தொடங்கினார். இப்போது கிறிகோரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

கலியாண நாள் வந்தது. கோவிலில் பூசை குறைவில்லாமல் முடிந்தது. சுவிஸ் பஸ் கால்சாவின் ஒடுங்கிய தெருவில் வந்து நின்றது. பீலிக்ஸும் தகப்பனும் ஆண்களும் மண்டபத்துக்குள் போனார்கள். மணமகள் யோசப்பின் கூறைச்சேலையோடு படியில் கால் வைத்தபோது, வாசலில் ஏப்ரன் கட்டி, துருப்பிடித்த வாளோடு நின்ற வழக்கறிஞர் குனிந்து வணங்கி வழியை மறித்தார்.

தொத்தோர் ஓடி வந்தார். விதி தெளிவாக இருந்தது. இது சகோதரர் சங்கம். உறுப்பினரில் ஒரு பெண்ணும் இல்லை. அகஸ்ரின் விக்னராஜாவைப் பார்த்தார். விக்னராஜா ஏர்னஸ்றைப் பார்த்தார். சங்கம் தொடங்கிய நாளில் இத்தனை பதவி பிரித்தவர்களில், பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"இவள்தான் பொம்பிளை. இவள் இல்லாமல் அவன் எப்பிடி எனக்கு மச்சான் ஆவான்?" என்று அகஸ்ரின் தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு இத்தாலியனில் கேட்டார்.

தொத்தோர் கல்மனம் படைத்தவரல்ல. "பெண் உள்ளே வர முடியாது," என்றார். "சின்னம் வரலாம். சடங்குக்குத் தேவையான சின்னம் என்று இவரைக் கொண்டுவரலாம். ஆனால் சின்னம் நடக்காது. தூக்கித்தான் வர வேண்டும்."

கதிரை ஒன்று கொண்டுவந்தார்கள். ஏர்னஸ்றும் கிறிகோரியும் இரண்டு பல் வைத்தியர்களும் யோசப்பினைக் கதிரையோடு தூக்கினார்கள். மேல் ஜன்னல்களில் நின்ற கால்சாப் பெண்கள், ஏதோ புது அர்ச்சிஷ்டவளின் சிலையைச் சுற்றுப்பிரகாரம் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டார்கள். ஒருத்தி பூச்சாடியிலிருந்து பூப் பிடுங்கி எறிந்தாள். யோசப்பின் தன் முகத்தை அசைக்கவில்லை.

கதிரை திரும்பி வந்தபோது சறோஜா அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ என்னத்துக்கு?" என்றார் அகஸ்ரின்.

"நானும் சின்னம்தான். தூக்குங்கோ."

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் மரியமலர் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவிஸிலிருந்தும் பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியிலிருந்தும் வந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். கடைசிச் சின்னத்தை இறக்கிவைத்தபோது விக்னராஜாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. தலைவர் என்ற முறையில் அவர் அதை வெளியே காட்டவில்லை.

பிறகுதான் சாப்பாட்டு நேரம் வந்தது. சின்னங்கள் நடக்காதபடியால் ஆண்கள் பரிமாறினார்கள். மாளிகைக் கனவான்களின் ஏப்ரன்களில் முதன்முறையாகக் கறி பட்டது. சறோஜா அதைக் கவனித்தாள். சோறு போதுமா என்று தொத்தோர் குனிந்து கேட்டபோது, நெத்தலிப் பொரியல் இருந்த சட்டியை விரலால் காட்டினாள். சுவிஸ் சம்பந்தி, பலெர்மோவில் ஆம்பிளையளை நல்லாய்ப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று அகஸ்ரினிடம் பாராட்டினார். அகஸ்ரினுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பஸ் புறப்பட ஹோர்ன் அடித்தது. பெண்களை எப்படி வெளியே கொண்டுபோவது என்று அகஸ்ரின் கேட்டார். தொத்தோரின் முகம் மாறியது. சின்னங்களை உள்ளே கொண்டுவர விதி உண்டு. மண்டபத்தில் வைத்த சின்னத்தை அகற்ற ரோமில் தனி அனுமதி எடுக்க வேண்டும். அவர் இதைச் சொல்லி முடிக்கவில்லை. யோசப்பின் எழுந்து சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, தன் காலால் நடந்து வெளியே போனாள். மற்றப் பெண்களும் கதிரைகளைத் தள்ளிவிட்டுப் பின்னால் போனார்கள்.

தொத்தோர் காலியான கதிரைகளுக்கு நடுவில் நின்று, நிதானமாக யோசித்தார்.

"நடந்துபோனது சின்னமாக இருக்க முடியாது," என்றார். "சின்னம் இல்லையென்றால் பெண்கள். பெண்கள் உள்ளே வரவில்லை. விதி இடம் கொடுக்காது. மணமகள் வரவில்லையென்றால் படி ஏற்றமும் நடக்கவில்லை. ஆகவே, சகோதரரே, இன்று இங்கே ஒன்றும் நடக்கவில்லை."

அகஸ்ரின் எச்சில் கோப்பைகளையும், தரையில் சிந்திக் கிடந்த சோற்றையும், இடுப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்த தலைவரையும் பார்த்தார். தொத்தோர் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். எங்கும் இடறவில்லை.

"அப்ப எங்கடை அந்த ஒரு முறையை இன்னும் பாவிக்கேல்லைத்தானே," என்றார் விக்னராஜாவிடம். "அடுத்த சனிக்கிழமைக்கும் மண்டபத்தைக் கேப்பமே, அண்ணை?"