படகோட்டியின் அழைப்பு

தமன்ஹூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த என் மூத்த சகோதரி இக்லாஸுக்குத் தம்பி ஷுக்ரி எழுதுவது. அமைதியும் இறையருளும் உன் வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே வந்து உட்காரட்டும். உன் முழங்கால், பால்கனிப் புறாக்கள், இரண்டு மருமகள்கள் எல்லாரும் நலமென நம்புகிறேன். நானும் மகள் ராஜியாவும் நலம். தொலைபேசியில் பேசினால் மருமகள்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்று நீ சொன்னதால், இதை அலெக்சாண்டிரியா போகும் மைக்ரோபஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ராஜியாவோடு கல்லூரியில் படித்து, இப்போது கடிதம் எழுதி அவளைப் பெண் கேட்டிருக்கும் ரிஃபாத்தைப் பற்றி நீ என்ன சொன்னாய்? "கைடுன்னா வாயை வாடகைக்கு விடுறவன். அவன் சொல்லுக்கு எடை இருக்கான்னு பார்த்துட்டு வா, அப்புறம் சம்மதம் சொல்லலாம்." சரியான பேச்சுதான். நம் வழக்கப்படி அவன் ஊர்க் காப்பிக் கடையில் விசாரிக்கலாம். ஆனால் மாணவனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவன் அத்தையைக் கேட்பதைவிடத் தேர்வு வைப்பது மேல் அல்லவா? அதனால் அவன் அழைத்துப் போகும் ஒருநாள் பயணத்திலேயே சேர்ந்துவிட்டேன். காலையில் லக்சரில் புறப்பட்டு தெந்தரா கோயில், பிற்பகல் அபிதோஸ் கோயில். வண்டியில் பதினான்கு பேர், எல்லாரும் நம் நாட்டவர்தான். அவன் என்னை நேரில் பார்த்ததில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, தந்தாவில் தேனீ வளர்ப்பவன் என்று சொன்னேன். அதுதான் முதல் தவறு. பக்கத்து இருக்கையில், மடியில் அவித்த முட்டைக் கூடையோடு ஹாஜா பதீஆ என்றொரு அம்மாள். கெனா வரை தேனீக்களுக்கு வரும் நோய்களைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்குத் தேனீயைப் பற்றித் தெரிந்தது, அது கொட்டும் என்பது மட்டும்.

பையில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். கோயில் முன்மண்டபத்தில் முதல் கேள்வி, எத்தனை தூண்கள் என்று. இருபத்து நான்கு என்றான். சரி. இரண்டாவது, தூண்களின் உச்சியில் இருக்கும் ஹாத்தோர் தேவியின் முகங்களை யார் சிதைத்தது என்று. "எனக்குச் சரியாத் தெரியாதுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தெரியாததை நான் சொல்றதில்ல" என்றான். உடனே ஹாஜா பதீஆ, "தெரியாதுன்னு சொல்றதுக்குக் கைடு எதுக்குப்பா? அதுக்கு நானே போதுமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போடலாம் என்று தோன்றியது, போடவில்லை. மூன்றாவது கேள்வி கூரையைப் பற்றியது. அதற்காகத் தலையை நிமிர்த்தினேன், அக்கா.

எப்படிச் சொல்வது? உதாரணத்துக்கு, பிறந்ததிலிருந்து கடல் என்ற சொல்லை எழுதி எழுதிப் பழகியவன் ஒரு நாள் உன் பால்கனியில் வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி. நீலம்! நேற்றுப் பூசி இன்னும் காயாதது போன்ற நீலம். அதில் ஓவியமாக வானத்தாய் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அதைத் தன் உடம்புக்குள் நடக்கவிடுகிறாள், காலையில் பெற்றெடுக்கிறாள். பிறந்த சூரியனின் கதிர்கள் கீழே ஹாத்தோர் தேவியின் முகத்தில் மழை மாதிரி விழுகின்றன. இவளை ஆண்டுதோறும் கரும்பலகையில் பாலம் போல வளைத்து வரைந்தவன் நான். பாலமாம்! அந்தக் கூரை புகைக்கரி படிந்து கறுத்திருக்கும் என்று பழைய புத்தகத்தில் படித்து அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நீலம் என்று எழுதிய ஒரு பையனுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன். இப்போது கரியைத் துடைத்துவிட்டார்கள். அடியில் அவனுடைய நீலம் அப்படியே இருக்கிறது. அவன் பெயர்கூட நினைவில்லை. மற்ற ஒன்பது கேள்விகளும் அங்கேயே மறந்துபோயின. மாடிக்குப் போகும் படிகள் மெழுகு உருகியது போலக் குழைந்து கிடக்கின்றன. பக்கத்துச் சுவரில் செதுக்கிய பூசாரிகள் நம்மோடு சேர்ந்து ஏறுகிறார்கள். நான் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். பின்னால் வந்த ஹாஜா என்மேல் மோதி, முட்டைகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கிப் போயின. அந்த நேரம் பார்த்து ரிஃபாத், சுவரில் அரசன் பெயரோடு இருந்த தேனீயைக் காட்டி, "தேனீ ஐயா, காலெல்லாம் சரியா இருக்கா, நீங்கதான் சொல்லணும்" என்றான். "நாலும் சரியா இருக்கு" என்றேன். அவன் ஏனோ இருமினான்.

வெளியே வந்தோம். என் தலைக்குள் இன்னும் அந்த நீலம். ரிஃபாத் கரும்புத் தோட்டத்துக்கு அப்பால் கையைக் காட்டி, "அந்தப் பனைகிட்டதான் எங்க வீடு. எல்லாரும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றான். நம் அப்பா சொல்வாரே, நடு ஆற்றில் போகிற படகோட்டி கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி என்று. அந்த வகை அழைப்பு. அவன் மூன்று முறை கூப்பிட வேண்டும், நாம் மூன்று முறை "உன் வீடு செழிக்கட்டும்" என்று மறுக்க வேண்டும், பிறகு வண்டியேற வேண்டும். பதிமூன்று பேர் ஒழுங்காக மறுத்தார்கள். நான் மட்டும், "சரி, போகலாம்" என்றேன்.

அக்கா, காற்றுகூட நின்றுவிட்டது. ஹாஜா என் விலாவில் இடித்து, "மனுஷா, அது படகோட்டி அழைப்பு!" என்று பல்லைக் கடித்தார். ரிஃபாத் முகத்தைப் பார்த்தேன். கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்த மாணவன் முகம். ஒரு கணம்தான். பிறகு கையை மார்பில் வைத்து, "கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வாங்க, எல்லாரும் வாங்க" என்று முன்னால் நடந்தான். அவன் அம்மா சனிய்யா மொட்டைமாடியில் இருந்தாள். படியேறி வந்துகொண்டே இருந்த எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "கோயில் சாமிங்களை மட்டும் ஏன்டா விட்டுட்டு வந்தே? அதுங்களும் பசியோடதானே நிக்குது!" என்றாள். திட்டிய வாய் மூடுவதற்குள் கை வாத்துக்களைப் பிடித்துவிட்டது. பக்கத்து மாடிகளிலிருந்து தட்டும் குழம்புச் சட்டியும் கைமாறி வந்தன. என்னை உட்காரச் சொன்னாள். வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை ஒன்று வெயிலில் இருந்தது, உட்கார்ந்தேன். மெத்தை அல்ல, அக்கா. அந்த ஊரில் ரொட்டி மாவை வெயிலில் வைத்துத்தான் பொங்கவிடுவார்களாம். "எழுந்திருக்காதீங்க, இனிமே அது பொங்காது" என்றாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அபிதோஸ் சுவரில் வரிசையாக இருக்கும் எழுபத்தாறு அரசர்களின் பெயர்களும் என்னால் அன்று படிக்க ஆளில்லாமல் போயின. "செத்த ராஜா எங்க ஓடிடப் போறாரு? வாத்துதான் ஆறிடும்" என்று ஹாஜா என்னை மன்னித்தார். விடைபெறும்போது, மரியாதைக்காக, "நீங்களும் வர்ற வெள்ளிக்கிழமை குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வரணும்" என்றேன். சனிய்யா மறுக்கவே இல்லை. "வந்துட்டாப் போச்சு. உங்க தேனீக்களுக்கு என் சலாம் சொல்லுங்க" என்றாள். அவள் முகவரி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, அதனால் பயமில்லை.

ஆக, என் முடிவு இது. பையனின் சொல்லுக்கு எடை இருக்கிறது. ஆனாலும் கோடை வரை பொறுப்போம். அவன் ஊர் ரயிலில் ஓர் இரவு தூரம். ராஜியா ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பி வந்ததிலிருந்து தேநீரில் சர்க்கரை போட மறக்கிறாள், அவ்வளவுதான். நான் தனியாகிவிடுவேன் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நீயும் கொடுக்காதே.

உன் முழங்காலுக்கு வலுவும், உன் கூரைக்கு நிழலும், மருமகள்களுக்குக் காது கொஞ்சம் மந்தமும் இறைவன் அருளட்டும்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
ஷுக்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கதவு தட்டப்பட்டது. பதினொரு பேர். இரவு ரயிலில் வந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற சனிய்யா, "தேனீ ஐயா வீடு இதுதானே? மூக்கு அப்படியே ராஜியா மூக்கு, வண்டியில ஏறினப்பவே என் மகன் கண்டுபிடிச்சிட்டான்" என்றாள். பிறகு துணியைப் பிரித்துத் தட்டையான ஒரு ரொட்டியை என் கையில் வைத்து, "நீங்க உட்கார்ந்தது. வீணாக்கக் கூடாதுன்னு அதையும் சுட்டுட்டேன்" என்றாள். நான் "உள்ளே வாங்க" என்றேன். இந்த முறை நினைவோடுதான் சொன்னேன். ராஜியா எல்லார் தேநீரிலும் இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை உறுதி செய்யப்போகிறோம். மேலே "ஆக" என்று தொடங்கும் பத்தியை அடித்துவிட்டு, இந்த மைக்ரோபஸ் திரும்பும்போது அதிலேயே ஏறி வா. உன் பெரிய அண்டாவையும் கொண்டு வா. ரொட்டி இருக்கிறது.