பம்பரத்துக்கு மூன்று ஈயக் கவசம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓய்ந்தால் காற்றாலைகள் நின்றுவிடும். பம்பரம் அண்ணாச்சி நிற்கமாட்டார். அசைவதற்குக் காற்றோ காரணமோ வேண்டாத ஒரே மனிதர் குமரி மாவட்டத்தில் அவர்தாம் என்று எந்த மேடையில் ஏறியும் சொல்வேன். அத்தகையவர் பார்த்த வேலை, அக்கணவாயோரம் இருந்த கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் போதனை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது. அதாவது, அசையக் கூடாதென்று பிற உயிர்களைக் கெஞ்சிக்கொண்டிருப்பது. பம்பரம் என்பது மாணவர்கள் சூட்டிய பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் கோபிப்பதில்லை. கோபிப்பதற்கு ஓரிடத்தில் நின்றாக வேண்டுமே.

நான் மனிதர்களுக்கான மருத்துவமனையில் இதே தொழிலைப் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவன். மனித நோயாளியிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். விடச் சொல்ல நாம் மறந்தாலும் முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டே கிடப்பார். அந்தப் பழக்கத்தில், முதல் நாள் மேசைமேல் கிடந்த வெள்ளாடு ஒன்றிடம், "மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மேசையைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி, சுற்று முடிந்து என்னைக் கடக்கையில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் இலக்கணமா சொல்லும்வே. இது தோவாளை ஆடு. சந்தைப் பூ தின்னு வளந்தது. கொச்சையாப் பேசினா அதுக்குப் பிடிக்காது."

எங்கள் வேலைப் பங்கீடு எளியது. விலங்கைக் கிடத்தி வாகாக வைப்பது அவர் பொறுப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து விசையை அழுத்துவது என் பொறுப்பு. விலங்கை அதன் சொந்தக்காரரே பிடித்துக்கொள்வார். கதிர் படாமலிருக்க அவருக்கு ஈயக் கவசம் ஒன்றைக் கட்டிவிடுவோம். அது பார்ப்பதற்குச் சமையற்காரரின் மேலாடை. தூக்கினால் அரிசி மூட்டை. எல்லாம் தயாரானதும் அண்ணாச்சி தடுப்புக்குள் ஓடிவருவார். வந்தவர் நிற்பாரா? ஒருவர் திரும்புவதற்கே இடமில்லாத அந்தச் சந்தில் அவர் உலாவுவார்.

எக்ஸ்ரே அறையில் அவர் பெயரில் ஒரு நாற்காலி உண்டு. அது வந்த நாளில் மூடியிருந்த நெகிழி உறை அவர் ஓய்வுபெறும்வரை பிரிக்கப்படவில்லை. தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். குடித்து முடிந்த இடத்தில் குவளையை வைத்துவிடுவார். மாட்டுக் கொட்டிலில், பிரேதப் பரிசோதனைக் கூடத்தில், ஒருமுறை கல்லூரி முதல்வர் அறைக்கு முன்னிருந்த கொடிக்கம்பத்தடியில் அக்குவளைகள் அகப்பட்டிருக்கின்றன. அஞ்சுகிராமத்திலிருந்து பேருந்தில் வருவார். அப்பேருந்துக்குள்ளும் முன்படிக்கும் பின்படிக்குமாக நடந்தே வந்தார் என்பதற்கு நடத்துநர் சாட்சி. கல்லூரி ஆண்டுவிழாக் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் மீசையுள்ள ஒரு புகை தெரியும். அதுதான் அவர்.

ஒருநாள், அவர் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தைக் கொடுக்க அவருடைய மனைவி வந்திருந்தார். நான் மெல்லக் கேட்டேன்: "கல்யாணத்தன்னிக்கு மணவறையில எப்படி மைனி உக்காந்திருந்தாரு?"

"எங்க உக்காந்தாரு? எனக்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் ஆளுக்கொரு தோளப் புடிச்சு அமுக்கிட்டு நிண்ணாவ. தாலி கெட்டி முடிச்சதும் கைய எடுத்தாவ. ஆளக் காணல்ல."

இவையெல்லாம் சிரிப்புக்குரியவை. சிரிப்புக்குரியதாக இல்லாத ஒன்றும் இருந்தது. எங்கள் அறையில் எடுத்த படங்கள் கலங்கின. மாட்டின் குளம்பு தெளிவாக விழும். தலையையோ நெஞ்சையோ எடுத்தால் கலங்கிவிடும். இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வருவார், திருகுவார், போவார். மறுபடியும் கலங்கும். வேறெவரைவிடவும் அண்ணாச்சிக்குத்தான் அதில் மானக்கேடு.

"இந்த எளவு மெஷினுக்கு நடுக்கம். தூக்கி மண்டைக்காட்டுக் கடல்ல போடணும்" என்று சபித்துக்கொண்டே அதைச் சுற்றி நடப்பார்.

அந்த நிலையில்தான் குளச்சலிலிருந்து சுக்கான் வந்தது. சுக்கான் ஒரு கிழட்டு நாய். அதன் சொந்தக்காரர் மரியதாசன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், தனிக்கட்டை. அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஏறி உட்கார்ந்து கூடவே போய்வந்த நாய் அது. இரைக்காகத் தூண்டிலில் கோத்து வைத்திருந்த சாளை மீனைத் தூண்டில் முள்ளோடு, அதாவது இரும்புக் கொக்கியோடு, விழுங்கிவிட்டது. வாயோரத்தில் தூண்டில் நரம்பு தொங்கிக்கொண்டிருந்தது. மரியதாசன் அதை இழுத்துப் பார்க்கவில்லை. அந்த அறிவுக்காகவே அவரை வணங்கலாம்.

அறுவைப் பிரிவின் டாக்டர் அம்மா நாயின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருதயம் பலமில்லீங்க. மயக்க மருந்து ஒரே ஒரு தடவதான் தாங்கும். முள்ளு வயித்துல இருந்தா வயித்தத் திறந்து எடுத்துரலாம். நெஞ்சுக்குள்ள குத்தி நின்னுச்சுன்னா நான் கத்தி வைக்கவே மாட்டேன். எங்க இருக்குன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது. எனக்குத் தெளிவா ஒரு படம் வேணும்."

தெளிவான படம். எங்களிடம் இல்லாத அந்த ஒரே பொருள்.

முதற்படம் எடுத்தோம். திரையில் ஒரே கழுத்தில் இரண்டு தலைகளும், முள் இருக்க வேண்டிய வழியெங்கும் வெள்ளைக் கீற்றுகளும் தெரிந்தன. மறுபடி எடுத்தோம். தலை ஒன்று கூடிற்று. நாய்க்கு மூச்சு இளைத்தது. அண்ணாச்சி இயந்திரத்தை ஓர் அறை அறைந்தார். அப்போது, கவசத்துக்குள் வியர்த்து நின்ற மரியதாசன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சாரே, மெஷினுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்க நாயி ஒம்மளத்தான் பாக்கு. நீரு அங்கோடி போனா அங்கோடி திரும்புவு, இங்கோடி வந்தா இங்கோடி திரும்புவு. ஆடுறது எதயும் அது விடாது. கடல்ல கெடந்து பழகின கண்ணு."

கண்ணாடித் தடுப்பு கதிரைத்தான் மறைக்கும், ஆளை மறைக்காது. அதற்குப் பின்னால் அண்ணாச்சி உலாவ, எத்தனை ஆடுகளும் பூனைகளும் மேசையில் கிடந்தபடி அவரைக் கண்ணால் தொடர்ந்து தலை திருப்பினவோ. எங்கள் எல்லாருக்கும் ஒரே கணத்தில் அது விளங்கிவிட்டது.

"அப்போ, நடுக்கம் எனக்கா?" என்று கேட்டார் அண்ணாச்சி. நடந்துகொண்டேதான் கேட்டார்.

"கொஞ்சம் வெளியே நில்லுங்க அண்ணாச்சி" என்றார் டாக்டர் அம்மா. போனார். கதவுக்கு அப்பால் நடைக்கூடத்தில் அவர் செருப்பு கிழக்கே போயிற்று. சுக்கானின் தலையும் கிழக்கே போயிற்று. செருப்பு மேற்கே திரும்பிற்று, தலையும் திரும்பிற்று. இன்னும் தள்ளிப் போகச் சொன்னோம். ஓசை அடங்கியதும் நாய் முனகிக்கொண்டு மேசையிலிருந்து இறங்கப் பார்த்தது. அது அவரைத் தேடியது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அந்தக் கவசத்த எல்லாம் எடும்வே. இவரு கெட்டினது போவ, இருக்கிறது அத்தனையும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்குக் கெட்டத்தான். கனத்துலயாவது நிக்கேனா பாப்போம்."

ஒன்றைக் கட்டினேன்; பாதம் தாளம் போட்டது. அதன்மேல் மற்றொன்று; பாதம் அடங்கித் தோள் குலுங்கிற்று. மூன்றாவதைக் கட்டியதும் தோளும் அடங்கிற்று. விரல்கள் மட்டும் தொடையில் தந்தியடித்தன. கனத்த ஈயக் கையுறைகளுக்குள் அவற்றையும் திணித்துக்கொண்டார். ஓரடி வைத்தால் விழுந்துவிடும் கோலத்தில், நாயின் கண்ணுக்கு நேரே, சுவரோரமாக நின்றார்.

"சுக்கானே, பைய. நான் எங்கயும் போவல்ல மக்கா. இன்னா நிக்கேன், பாரு."

நாய் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். மீசை ஒருமுறை துடித்துவிட்டு நின்றது. கணவாய்க் காற்று நடைக்கூடத்துக் கதவொன்றை ஓங்கி அறைந்ததில் மரியதாசன் அதிர்ந்தார், நான் அதிர்ந்தேன், அண்ணாச்சி அதிரவில்லை. அதனால் நாயும் அதிரவில்லை. விசையை அழுத்தினேன்.

திரையில் முள் தெரிந்தது. கொக்கியின் வளைவும் கூரிய முனையும் வரைந்து வைத்தாற்போல, இரைப்பைக்குள்.

"வயித்துலதான் இருக்கு" என்றார் டாக்டர் அம்மா. மரியதாசன் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லாரும் திரையைச் சூழ்ந்துகொண்டோம். சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி அதே சுவரோரத்தில், அதே நிலையில், முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். மூச்சை விடச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

"மூச்சை விடுங்கள் அண்ணாச்சி."

விட்டார். "நல்லாத் தமிழ் பேசுதீரு" என்றார். கவசங்களை அவிழ்த்ததும் அறையை ஏழெட்டு முறை சுற்றினார். நின்ற நேரத்துக்கும் சேர்த்து.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிக்க வந்த நாளில் மரியதாசன் அவரைக் கூப்பிட்டார்: "சாரே, ஒருநாளு எங்ககூட கடலுக்கு வாருமே."

"வள்ளத்துல நடக்க எடம் உண்டா?"

"அது கெடையாது."

"பெறவு நான் எதுக்கு வாறேன்?" என்றார் அண்ணாச்சி. சுக்கான் அவருடைய கால்களைப் பார்த்தபடி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது.

அவர் ஓய்வுபெற்று அஞ்சுகிராமத்தில் இருக்கிறார். ஓய்வு என்ற சொல்லை அவர்மேல் ஏற்ற என் கை கூசுகிறது. தொலைபேசியில் பேசினால், பேச்சுக்கு அடியில் செருப்பின் ஓசை கேட்கும். எங்கள் அறையில் இப்போது ஒரு படமும் கலங்குவதில்லை. விலங்குகள் என்னை நேரே பார்த்தபடி, சலிப்போடு, அசையாமல் கிடக்கின்றன.

பழைய படங்களைக் கணினியிலிருந்து நீக்கிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி அண்மையில் கேட்டாள்: "சார், ஒரு நாய்க்கு ரெண்டு தல இருக்கு. கலங்கின படம். அழிச்சிரட்டா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றேன். அந்த நாய் யாரைப் பார்க்கத் திரும்பியது என்பது எனக்குத் தெரியும்.