சொன்னா செய்ய மாட்டேனா

உதவும் கணவர் என்றோர் இனம் உண்டு. காலையில் போய் இரவில் திரும்பிக்கொண்டிருந்ததால் இதை யாரும் சரியாகக் கவனித்ததில்லை. தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் முழுசாகப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

எங்கள் மாடிவீட்டுக்காரர் அசல் வார்ப்பு. காப்பீட்டு நிறுவன அதிகாரி. வீட்டில் தாழ்போட்டு வேலை செய்யக்கூடிய அறை ஒன்றுதான். அது அவருடைய அலுவலகமாயிற்று. வங்கியில் வேலை பார்க்கும் மனைவிக்குச் சாப்பாட்டு மேசை. ஒரு கையில் கணக்கு, மறு கையில் இரண்டு வயது மகள், ஒரு காது குக்கர் பக்கம். சும்மா சொல்லக்கூடாது, கணவர் உதவாமல் இல்லை. அவ்வப்போது வெளியே வந்து, நிலவரத்தைப் பார்வையிட்டு, "ஏதாவது செய்யணுமா? சொன்னா செய்ய மாட்டேனா?" என்பார். மனைவி யோசித்துச் சொல்வதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

மனைவிக்குக் கிளை மேலாளர் பதவிக்கான நேர்காணல் வந்தது. கணினியில்தான்.

"ஒரு மணி நேரம் பாப்பாவைப் பாத்துக்கணும்."

"இதெல்லாம் சொல்லணுமா? நீ நிம்மதியாப் பேசு."

முதல் கேள்விக்கு மனைவி வாயைத் திறந்தார். பின்னால் ஒரு தலை நீண்டது. "பாப்பாவோட ஜட்டி எங்க இருக்கு?" வாராக்கடன் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், "பாலைச் சூடா குடுக்கலாமா, ஆத்தணுமா?" கடைசியில் பாப்பாவே மடிக்கு வந்து சேர்ந்தது. "உன்னைத்தான் கேக்கறா. நான் என்ன பண்ண?"

திரையிலிருந்த பெரிய அதிகாரி பரிவோடு கேட்டார்: "வீட்ல பாத்துக்க ஆள் யாரும் இல்லையாம்மா?"

"இருக்கார் சார். இவர்தான்."

பதவி வேறொருவருக்குப் போயிற்று. மனைவிக்குக் குடும்பப் பொறுப்பு அதிகமாம்.

அடுத்த வாரம் அதே பாப்பா கணவருடைய கூட்டத்துக்குள் புகுந்தது. எப்படிப்பட்ட அப்பா என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். உச்சி குளிர்ந்து வெளியே வந்தவர் அதை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை, கணவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள், அந்த அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"எனக்கும்தான்."

"பாப்பா அழறா."

"கேக்குது. பாத்துக்கோங்க."

"என்ன பண்ணணும்னாவது சொல்லேன்."

அன்று மாலைக்குள் வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று கணவருக்குத் தெரிந்துவிட்டது. போன பதவிதான் திரும்ப வரவில்லை.

சிரிக்கிறீர்களா, ஐயா? நல்லது. இவ்வளவையும் யாருடைய குறுக்கீடும் இல்லாமல் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டீர்களே, குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது?